குவைத்துப் பெட்டியின் கனம்

இலியாஸ் பாய் தன் வலது கையைத் தவிர வேறு யாரையும் நம்ப மாட்டார். அருப்புக்கோட்டையில் மல்லியும் வத்தலும் வாங்கி விற்கிற கமிஷன் கடைக்காரருக்கு அந்தக் கைதான் முதல். மேலே பளபளவென்று நல்ல மல்லியைப் பரப்பி, அடியில் பொக்குச் சாவியும் காம்பும் திணித்துத் தைத்த மூடைகளை அவர் எத்தனையோ பார்த்திருக்கிறார். விளைவித்துக் கொண்டுவந்த சம்சாரி வாய் ஓயாமல் சத்தியம் செய்துகொண்டிருப்பார். இவர் காதில் வாங்காமல் சட்டையை முழங்கைக்கு மேலே சுருட்டிவிட்டு, மூடைக்குள் கையை அடிமட்டும் விட்டு ஒரு பிடி அள்ளி வருவார். அதற்குப் பிறகுதான் பேச்சே. மூடையின் ஒரு முனையைப் பிடித்து லேசாகத் தூக்கி எடை சொன்னால், தராசு அதையே திருப்பிச் சொல்லும். இந்தக் கையால் அவருக்குச் சந்தையில் மரியாதை உண்டு. சிநேகிதர்கள் என்று யாரும் இல்லை.

அந்தக் கைதான், அவர் அண்ணன் அப்துல் கனி குவைத்திலிருந்து கொண்டுவந்த பெட்டிக்குள் தங்கம் இருக்கிறது என்று சொன்னது. சொல்லி முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. கை சொன்ன பிறகு மனசு மாறுகிற வழக்கம் இலியாஸ் பாய்க்குக் கிடையாது.

அப்போது அவர் மீசை அரும்பிய வயசு. அருப்புக்கோட்டையில் டைப்ரைட்டிங் லோயர் பாஸ் பண்ணி, ஹையருக்குப் போய்க்கொண்டிருந்தார். மதுரையில் ஒரு பொருட்காட்சியில் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் கம்ப்யூட்டர் என்று ஒன்றை வைத்திருந்தார்கள். டிவி ஒன்று, அதற்கு அடியில் ஒரு பெட்டி, முன்னால் டைப்ரைட்டர் மாதிரி எழுத்துக்கட்டை. இலியாஸ் அந்தக் கண்ணாடியில் மூக்கு பதிய நின்றுவிட்டு வந்தார். சொந்த ஊரான திருச்சுழியில் முதல் ஆளாகக் கம்ப்யூட்டர் சென்டர் வைத்துவிட வேண்டும் என்று அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. லீவு முடிந்து குவைத்துக்குத் திரும்புகிற ஒருவரிடம், "அண்ணன்ட்ட சொல்லுங்க. எனக்கு வேற ஒண்ணும் வேணாம். வரையில ஒரு கம்ப்யூட்டர் மட்டும் வாங்கியாரச் சொல்லுங்க" என்று சொல்லி அனுப்பினார்.

அடுத்த ஆடியில் குவைத்தில் சண்டை வந்துவிட்டது. அப்துல் கனியைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. அவர் மனைவி ரஹ்மத் நிஷா கல்யாணமாகி வந்து புருஷனோடு சேர்ந்து இருந்தது ஒரு லீவு மட்டும்தான். அந்தப் பெண் சோறு தண்ணி இறங்காமல் ரேடியோப் பெட்டியின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். மல்லி விதைக்க மழை பார்த்துக்கொண்டிருந்த நாளில் அப்துல் கனி வந்து பஸ்ஸை விட்டு இறங்கினார். தெருவே கூடிப் பார்த்தது. கன்னம் ஒட்டி, தாடி மண்டி, போட்டிருந்த சட்டையைத் தவிர உடைமை ஒன்றும் இல்லை. போர்வையில் சுற்றிய ஒரு பொட்டலத்தை மட்டும் பிள்ளையைத் தூக்குவதுபோல நெஞ்சோடு பிடித்திருந்தார்.

எல்லாரும் ஆளைப் பார்த்தார்கள். இலியாஸ் பொட்டலத்தைப் பார்த்தார். மணிக்கட்டையும் பார்த்தார். போன லீவில் அதில் சீக்கோ வாட்சு மின்னிக்கொண்டு இருந்தது. இப்போது வாட்சு இருந்த இடத்தில் வெளுப்பாக ஒரு வளையம்தான் தெரிந்தது. நாம் கேட்டுவிடுவோம் என்று எங்கேயோ பத்திரமாகக் கழற்றி வைத்துவிட்டு வந்திருக்கிறார் என்று அந்த இடத்திலேயே மனசுக்குள் முடிச்சுப் போட்டுக்கொண்டார்.

ஒத்தாசை செய்கிறவர்போலப் பொட்டலத்தை வாங்கிப் போர்வையை விலக்கினார். சப்பையான கறுப்புப் பெட்டி. மேலே எழுத்துக்கட்டைகள், ஒவ்வொன்றிலும் இங்கிலீஷும் அரபியும். டிவி கிடையாது. கையில் ஏந்தியபோது பின்பக்கத்து ஒரு மூலை மட்டும் தனியாகக் கனத்தது. வளைகுடாவிலிருந்து வருகிறவர்கள் டேப்ரிக்கார்டருக்குள் இருக்கிற டிரான்ஸ்ஃபார்மரை, ஊர் வாயில் டிரான்ஸ்பாரத்தை, கழற்றிவிட்டு அந்த இடத்தில் தங்கத்தை உருக்கி வைத்துக் கொண்டுவருகிறார்கள் என்று ஊரெல்லாம் பேச்சாக இருந்த காலம் அது.

"உள்ள எவ்வளவுண்ணே இருக்கு?" என்று கேட்டார் இலியாஸ்.

அப்துல் கனி தம்பியின் முகத்தைப் பார்த்தார். பிறகு பெட்டியைத் திருப்பி வாங்கிக்கொண்டு வீட்டுக்குள் போனவர், அதைப் பரணில் ஏற்றி வைத்துவிட்டார். அவ்வளவுதான் நடந்தது.

அப்துல் கனி திரும்ப வெளிநாடு போகவில்லை. சீமைக்கருவேல மரத்தைக் குத்தகைக்கு எடுத்து வெட்டி, மூட்டம் போட்டு, கரி லோடு ஏற்றிப் பிழைத்தார். தலைமுடி, நகக்கண் எல்லாம் கரி. பெருநாள் தொழுகைக்கு வெள்ளைச் சட்டை போட்டு வந்தாலும் கழுத்து மடிப்பில் கரி இருக்கும். தங்கம் வைத்திருக்கிற மனுஷன் இப்படிப் புகையில் வேகுவானா என்று நர்கிஸ், அதாவது இலியாஸின் வீட்டுக்காரி, ஒருதரம் கேட்டே விட்டாள். "ஏழையாட்டம் காட்டிக்கிறதுதான் கெட்டிக்காரத்தனம், உனக்கு என்ன தெரியும்" என்றார் இவர். அண்ணன் தம்பிக்குள் சண்டை என்று சொல்ல முடியாது. மய்யித்து, நிக்காஹ் என்று சாவுக்கும் கல்யாணத்துக்கும் எதிரெதிரே நின்று சலாம் சொல்லிக்கொள்வார்கள். ஒருவர் வீட்டில் ஒருவர் கை நனைத்தது மட்டும் இல்லை.

போன நோன்புப் பெருநாளுக்குப் பிறகு அப்துல் கனி நெஞ்சு வலியில் போய்ச் சேர்ந்தார். ஒரே மகள் ஜன்னத்துல் ஃபிர்தௌஸுக்கு அவர் உயிரோடு இருக்கும்போதே அருப்புக்கோட்டையில் மாப்பிள்ளை பேசி முடித்திருந்தார். வருகிற வெள்ளிக்கிழமை நிக்காஹ். தகப்பன் இல்லை, கூடப்பிறந்த ஆண் இல்லை என்றால் பெண்ணைக் கைப்பிடித்துக் கொடுக்கிற வலிகாரராகத் தகப்பனின் தம்பியான சின்னத்தாதான் நிற்க வேண்டும். அவர் மாட்டேன் என்றால் பள்ளிவாசல் ஹஜ்ரத்தே நின்று முடித்து வைக்கலாம். ஆனால் உயிரோடு இருக்கிற சின்னத்தா ஒதுங்கிக்கொண்டால் மாப்பிள்ளை வீட்டார் சும்மா இருப்பார்களா? பெண் வீட்டில் ஏதோ இருக்கிறது என்று ஆளுக்கொன்று பேசமாட்டார்களா?

இது இலியாஸ் பாய்க்கு நன்றாகவே தெரியும். தெரிந்துதான் மதினி வீட்டு வாசலில் வந்து நின்று, செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னார்.

"வலிகாரரா நிக்க நான் மாட்டேங்கல மதினி. ஆனா பரண்ல இருக்கறது என்னன்னு எனக்குத் தெரியணும். அத்தா விட்டுட்டுப் போன வெளிக்காட்டை வித்துத்தான அண்ணன் குவைத்துக்குப் போனாக. அப்ப அங்கயிருந்து வந்ததுல எனக்கும் பாதி உண்டுல்ல?"

ரஹ்மத் நிஷா சேலைத்தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டாள். "தாராளமாத் திறந்து பாருங்க தம்பி. உள்ள ஒண்ணும் இல்லைன்னா, நாங்க முன்னாடியே எடுத்துட்டோம்னு சொல்ல மாட்டீகளே?"

அதைத்தான் அவர் நினைத்துக்கொண்டு வந்திருந்தார்.

"சின்னத்தா, அது கம்ப்யூட்டரு" என்றாள் ஜன்னத் உள்ளிருந்து. அவள் அருப்புக்கோட்டையில் ஒரு மில்லு ஆபீசில் கணக்கு வேலை பார்க்கிற பெண். "டிவியில மாட்டி ஓட்டுற பழைய காலத்துக் கம்ப்யூட்டரு. உள்ள இருக்கறதுல ஒரு சாமானை எடுத்தாலும் அது ஓடாது. ஓட வச்சுக் காட்டுனா நம்புவீகளா?"

கம்ப்யூட்டராம். இத்தனை வருஷம் வாயைத் திறக்காமல் இருந்துவிட்டு, ஆள் போன பிறகு பெயர் வைக்கிறார்கள் என்று இலியாஸுக்குச் சிரிப்பு வந்தது. ஆனாலும் அந்தப் பேச்சில் ஒரு நியாயம் இருந்தது. டிரான்ஸ்பாரம் இருந்த இடத்தில் தங்கம் இருந்தால் மிஷின் எப்படி ஓடும்? தங்கத்தை எடுத்துவிட்டு வெறும் கூடாக வைத்திருந்தாலும் ஓடாதே.

"ஓடட்டும். ஓடுச்சுன்னா வெள்ளிக்கிழமை மொத ஆளா வந்து நிக்கிறேன்."

"ஓடலைன்னா?" என்று கேட்டாள் ரஹ்மத் நிஷா.

அருப்புக்கோட்டை பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று அவர் போய்விட்டார்.

புதன்கிழமை காலையில் மறுபடி வந்தார். மெக்கானிக் தன் ஆளாக இருக்க வேண்டும் என்று அருப்புக்கோட்டையில் டிவி ரிப்பேர் பார்க்கிற பொன்ராஜைப் பைக்கில் வரச் சொல்லியிருந்தார். சட்டைப் பையில், உடைந்த ஸ்பீக்கரிலிருந்து எடுத்த காந்தம் ஒன்று இருந்தது. தங்கத்தில் காந்தம் ஒட்டாது என்று விசாரித்து வைத்திருந்தார்.

வெளியே ஆடிக்காற்று புழுதியை வாரி இறைத்துக்கொண்டிருந்தது. கதவைச் சாத்தினால் வெக்கை, திறந்தால் மண். ஜன்னத் நாற்காலி போட்டு ஏறிப் பரணிலிருந்து பெட்டியை இறக்கினாள். அதே போர்வை, எலி கடித்து ஓட்டை ஓட்டையாக. பொன்ராஜ் பெட்டியைத் திருப்பிப் போட்டுப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"துரு இல்லை பாய். நம்ம ஊரு காஞ்ச ஊரு பாருங்க. இதே கடக்கரைப் பக்கம் இருந்திருந்தா இந்நேரம் கருவாடா உதிர்ந்திருக்கும்."

"பேச்சை விடு. ஸ்குரூவைப் பாரு. மூணு இருக்கு. நாலாவது எங்க?"

நாலாவது மூலையில் ஓட்டை மண்ணடைத்துக் கிடந்தது. இலியாஸ் குனிந்து பார்த்துவிட்டு மதினியை ஒரு பார்வை பார்த்தார். முன்னாலேயே திறந்திருக்கிறார்கள், அவசரத்தில் ஒன்றைத் தொலைத்துவிட்டார்கள், வேறென்ன? பொன்ராஜ் ஸ்குரூ டிரைவரால் அந்த மண்ணைக் குத்தினார். குளவிக்கூடு. பொலபொலவென்று உதிர்ந்த பிறகு அடியில் ஸ்குரூவின் தலை தெரிந்தது. திருப்பியபோது கிரீச்சென்று கத்திக்கொண்டு வெளியே வந்தது.

"இது இங்கதான் இருந்திருக்கு பாய். குளவி வந்து சீல் வச்சிருக்கு."

"சரி சரி. திற."

உள்ளே பச்சைப் பலகை, அதில் கறுப்புக் கறுப்பாகப் பூரான் கால் முளைத்த சில்லுகள். பின்மூலையில், கை சொன்ன அதே இடத்தில், தீப்பெட்டிக் கட்டு அளவுக்குக் கனமான ஒரு கட்டி. இலியாஸ் பையிலிருந்து காந்தத்தை எடுத்து நீட்டினார். டக்கென்று ஒட்டிக்கொண்டது. பிய்த்து எடுத்து இன்னொரு பக்கம் வைத்தார். அங்கேயும் டக்கென்றது.

"இரும்பு பாய். டிரான்ஸ்பாரம்" என்றார் பொன்ராஜ்.

"அந்த உள்சுத்து மஞ்சளா மின்னுதே?"

"செம்புக் கம்பி."

"செம்பு இந்த நெறத்துலயா இருக்கும்?"

பொன்ராஜ் கத்தி முனையால் கம்பியைச் சுரண்டிக் காட்டினார். சிவப்பாக இருந்தது. மேலே பூசியிருக்கிற வார்னிஷ் மஞ்சளாகக் காட்டியதாம். இலியாஸ் தலையை ஆட்டினாரே தவிர, காந்தத்தைப் பைக்குள் போடவில்லை. பொன்ராஜுக்கும் நேர்மை கொஞ்சம் அதிகம். சும்மா இருக்கமாட்டாமல், "ஆனா தங்கமே இல்லைன்னும் சொல்லக்கூடாது. இந்தா, இந்தப் பல்லு வரிசை இருக்கு பாருங்க, இதுக்கு மேல தங்க முலாம் பூசியிருப்பாங்க" என்றார்.

இலியாஸ் நிமிர்ந்துவிட்டார். "பாத்தீகளா மதினி? நான் சொன்னேன்ல?"

"அத்தனையையும் சுரண்டுனாலும் எறும்பு சுமக்கற அளவுகூட வராது பாய்" என்றார் பொன்ராஜ்.

ஜன்னத் வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்குள் ஓடிப்போனாள். அவள் சிரித்தாளா அழுதாளா என்று இலியாஸுக்குத் தெரியவில்லை. இரண்டையும் சந்தேகப்பட்டார்.

கருகிக் கிடந்த பியூஸை மாற்றினார் பொன்ராஜ். "இந்தச் சின்ன டப்பா மாதிரி இருக்கறதெல்லாம் கண்டென்சரு. வருசக்கணக்கா கரண்டு காணாம காஞ்சு போயிருக்கும். புதுசு போட்டுட்டுக் கரண்டு குடுக்கறதுதான் நல்லது."

"புதுசு போடறதுன்னு ஆரம்பிச்சா நீ முழுசையும் மாத்திருவ. இருக்கறதை வச்சே ஓடுதான்னு மொதல்ல பாரு."

பொன்ராஜ் இரண்டுதரம் சொல்லிப் பார்த்தார். ஆனால் கூலி கொடுக்கிறவர் இலியாஸ். பிளக்கைச் சொருகி ஸ்விட்சைப் போட்டார். ஒரு மூச்சு விடுகிற நேரம் ஒன்றும் இல்லை. பிறகு பட்டென்று பொரிகடலை வெடிக்கிற சத்தம், மீன் நாற்றம் மாதிரி ஒரு நாற்றம், கொஞ்சம் வெள்ளைப் புகை. பொன்ராஜ் பாய்ந்து பிளக்கைப் பிடுங்கினார்.

ரஹ்மத் நிஷாவின் முகம் வெளுத்துவிட்டது. "போச்சா?" என்றாள்.

"நாடகம்" என்றார் இலியாஸ். யார் நாடகம் ஆடினார்கள் என்று அவருக்கே விளங்கவில்லை. அவர் கொண்டுவந்த மெக்கானிக், அவர் சொல்லிப் போட்ட ஸ்விட்சு.

வெடித்தது ஒரு கண்டென்சர்தான். சரி பண்ணிவிடலாம், ஆனால் சாமான் அருப்புக்கோட்டைக் கடையில் இருக்கிறது என்றார் பொன்ராஜ். பெட்டியைக் கடைக்கே கொண்டுபோனால் சுலபம். அதற்கு இலியாஸ் சம்மதிப்பாரா? பெட்டி கண்ணை விட்டு நகரக்கூடாது, நீ மட்டும் போய் வா என்று அனுப்பிவிட்டு, பாயை இழுத்துப் போட்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார். பைக் சத்தம் தேய்ந்தது. காற்று கதவை ஒருதரம் அடித்தது.

தொழுகைக்குப் பாங்கு சொன்னார்கள். பள்ளிவாசல் கூப்பிடு தூரம்தான். போய்விட்டு வருவதற்குள் இவர்கள் எதையாவது மாற்றி வைத்துவிட்டால்? அங்கேயே கைகால் கழுவி ஒளூச் செய்யத் தண்ணீர் கேட்டு வாங்கி, அந்த அறையிலேயே தொழுதார். ஸலாம் கொடுக்க வலது பக்கம் திரும்பியபோதும் ஓரக்கண் பெட்டியைத் தொட்டுவிட்டு வந்தது.

மத்தியானம் ரஹ்மத் நிஷா தட்டைக் கொண்டுவந்து வைத்தாள். குதிரைவாலிச் சோறு, கருவாட்டுக் குழம்பு, வறுத்த சீனியவரை வத்தல்.

"நான் சாப்பிட வரலை மதினி."

"பெட்டியை விட்டுட்டு ஓட்டலுக்குப் போறீகளா?"

போக முடியாதே. தட்டைப் பார்த்தார். பசி வயிற்றைக் கிள்ளியது. ஆனாலும் கை நீளவில்லை. பார்த்துக்கொண்டிருந்த ரஹ்மத் நிஷா சட்டென்று குனிந்து, அவர் தட்டிலிருந்தே ஒரு வாய் சோற்றைக் குழம்போடு பிசைந்து எடுத்துத் தன் வாயில் போட்டு மென்று விழுங்கினாள். முகத்தில் கோபம் ஒன்றும் இல்லை. "இப்பச் சாப்பிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

இலியாஸுக்குக் காது மடல் சூடேறியது. எத்தனை மூடைக்குள் கைவிட்டு எடுத்து இப்படி மென்று பார்த்திருப்பார்? தன் தட்டில் இன்னொருவர் அப்படிச் செய்து காட்டியபோது உறைத்தது. பாதி சாப்பிட்டார். மீதி இறங்கவில்லை.

ஜன்னத் தண்ணீர்ச் செம்பைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகாமல் நின்றாள்.

"சின்னத்தா, ஒண்ணு கேக்கவா? எங்க அத்தாவை உங்களுக்குப் பிடிக்காதா?"

"யாரு சொன்னா அப்படி?"

"பின்ன?"

"எனக்கு ஒண்ணும் செய்யலையேத்தா உங்க அத்தா. நான் கேட்டது ஒண்ணே ஒண்ணு. அதைக்கூடக் கொண்டாரலை."

"என்ன கேட்டீக?"

அவர் வாயைத் திறந்தார். கம்ப்யூட்டர் என்று சொல்ல வந்தவர் பக்கத்தில் திறந்து கிடந்த பெட்டியைப் பார்த்தார். இது அது இல்லை. அதற்கு டிவி இருந்தது, அடியில் பெட்டி இருந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தான் பார்த்தது இந்தச் சப்பைக் கட்டை இல்லை. "அது எதுக்கு இப்ப" என்று செம்பை எடுத்தார்.

பொன்ராஜ் வந்து சேர்ந்தபோது வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. ரஹ்மத் நிஷா கொடுத்த டீயை அவர் வாங்கிக் குடித்ததையும், "நல்லா இருக்குக்கா" என்றதையும் இலியாஸ் கவனித்து வைத்தார். பேசி வைத்துவிட்டார்களோ? ஒவ்வொரு கண்டென்சரையும் பிடுங்கப் பிடுங்கத் தாம்பாளத்தில் போடச் சொல்லி, காந்தத்தை வைத்துப் பார்த்தார். எரிச்சலில் பொன்ராஜ் கவனம் தப்பியதில், ஈயம் வைக்கிற சூட்டுக்கோல் விரலைச் சுட்டது. "பாய், நீங்க கொஞ்சம் அங்கிட்டு உக்காந்தா நான் சீக்கிரம் முடிச்சிருவேன்." அங்கிட்டு உட்காரவில்லை.

கடைசியில் ஸ்விட்சைப் போட்டார். எல்லாரும் ஓர் அடி பின்வாங்கினார்கள். வெடிக்கவில்லை. எழுத்துக்கட்டைக்கு ஓரத்தில் கடுகளவு சிவப்பு விளக்கு எரிந்தது. பெட்டியின் வயரை டிவியில் மாட்டிச் சேனல் தேட விட்டார் பொன்ராஜ். புள்ளி புள்ளியாகக் கொதித்தது திரை. தேடியது, தேடிக்கொண்டே இருந்தது. ஏதோ நீலமாக ஒரு நிழல் வந்து மறைந்தபோது கரண்டு போய்விட்டது.

காற்றாடி ஓய்ந்து நின்றது. இந்தப் பெண்ணின் கல்யாணம் ஒரு சிவப்பு விளக்கில் தொங்குகிறதே என்று இலியாஸுக்கு முதல்தடவையாகத் தோன்றியது. தோன்றியதும் அதையும் தட்டிவிட்டார். ஜன்னத் சுவரோடு சாய்ந்து கண்ணை மூடி எதையோ முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். அவள் நெற்றியும் மூக்கும் அப்படியே அண்ணன்.

கரண்டு வந்தது. திரை நீலமாக விரிந்தது. மேலே வெள்ளை எழுத்தில் இங்கிலீஷில் நாலைந்து வரி, அதற்குக் கீழே ஓக்கே என்று ஒரு சொல், அதற்கும் கீழே வெள்ளைக் கட்டம் ஒன்று நின்றுகொண்டிருந்தது.

"ஓடுது" என்றாள் ஜன்னத் மெதுவாக.

"எதையாவது தட்டுங்க பாய்" என்றார் பொன்ராஜ்.

இலியாஸ் பெட்டியின் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். எழுத்துக்கட்டைமேல் கையை வைத்ததும், ஹையரை முடிக்காமல் விட்ட விரல்கள் தாமாகவே போய் நடுவரிசையில் உட்கார்ந்துகொண்டன. இன்ஸ்டிட்யூட்டில் முதல் மாசம் முழுக்க அடித்த பாடம், ஏ எஸ் டி எஃப். தட்டினார். திரையில் எழுத்து வந்தது. இன்னும் தட்டினார். ஒரு கட்டை ஒட்டிக்கொண்டது, மற்றதெல்லாம் வந்தது. மதுரையில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒருவன் தட்டத் தட்ட இப்படித்தான் திரையில் வந்துகொண்டிருந்தது. இது வேறு எதுவும் இல்லை. அவர் கேட்டது இதைத்தான். பரணில் ஏற்றி வைத்த நாளிலிருந்து இந்த வீட்டிலேயேதான் இருந்திருக்கிறது.

திரும்பாமலே கேட்டார்.

"மதினி. இதை யாருக்குக் கொண்டாந்தாக?"

ரஹ்மத் நிஷா வாசற்படியில் உட்கார்ந்தாள். "இந்தக் கேள்வியைக் கேக்க உங்களுக்கு இத்தனை வருசமாச்சு தம்பி. இந்தக் குடும்பத்துல கம்ப்யூட்டர் வேணும்னு கேட்டது யாரு? சண்டைக்கு முந்தின மாசம் வாங்கி வச்சிருக்காக. மத்த சாமானை எல்லாம் ரூமோட விட்டுட்டு இதை மட்டும் தூக்கிக்கிட்டு ஓடியாந்தாக."

"என்ட்ட ஒரு வார்த்தை சொல்லலையே?"

"நான் நூறு தரம் சொல்லியிருக்கேன், குடுத்துருங்கன்னு. 'இலியாஸ் வந்து இது என்னதுன்னு கேட்டாக் குடுத்துரு. எவ்வளவுன்னு கேட்டாக் குடுக்காதே'ன்னாக. கண்ணை மூடி மவுத்தாகறதுக்கு முன்னாடியும் அதையேதான் சொன்னாக. நீங்களா கேப்பீகன்னு பாத்துக்கிட்டே இருந்தாக. அவுகளுக்கும் வீம்புதான். கொறை சொல்ல மாட்டேன், ரெண்டு பேருக்குமே வீம்பு."

இலியாஸ் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஜோர்டான் பக்கம் பாலைவனத்துல கூடாரத்துல கெடந்திருக்காக. ஒரு குப்பூஸு ரொட்டிக்கு ஆளுக்காளு கையில இருக்கறதைக் கழட்டிக் குடுத்தாங்களாம். ஒருத்தன் இந்தப் பெட்டியைக் கேட்டானாம், ரெண்டு நாள் சாப்பாடு தாரேன்னு. இது எந் தம்பியோடதுன்னு சொல்லிட்டு, வாட்சைக் கழட்டிக் குடுத்துட்டு வந்தாக."

மணிக்கட்டில் அந்த வெளுத்த வளையம். ஊரில் வேறு யாரும் அதைக் கவனித்திருக்க மாட்டார்கள். இலியாஸ் ஒருவர்தான் கவனித்தார்.

"பாத்தேன் மதினி" என்றார். "அன்னைக்கு வாட்சு இல்லாததைப் பாத்தேன். எனக்குப் பயந்து எங்கயோ ஒளிச்சு வச்சிட்டு வந்திருக்காகன்னு நெனைச்சேன்."

சொல்லிவிட்டுத் தன் வலது கையை மடியில் வைத்து, அது யாருடையதோ போலப் பார்த்துக்கொண்டு அழுதார். பொன்ராஜ் சங்கடப்பட்டுச் சூட்டுக்கோலின் வயரைச் சுருட்டத் தொடங்கினார். ரஹ்மத் நிஷா எழுந்து உள்ளே போனாள். பாதியில் வைத்த சோற்றைச் சூடு பண்ணிக் கொண்டுவந்து வைத்தாள். அவர் தட்டை வழித்துச் சாப்பிட்டார்.

"வெள்ளிக்கிழமை ஜும்மா முடிஞ்சதும் நிக்காஹ், சின்னத்தா" என்றாள் ஜன்னத்.

"விடியக்காலை சுபுஹுக்கே வந்துருவேந்தா."

பெட்டியை அதே போர்வையில் சுற்றி அவர் கையில் கொடுத்தாள் ரஹ்மத் நிஷா. அவர் வேண்டாம் என்று தலையாட்டினார். "வச்சிருந்தது போதும் தம்பி. உங்க சாமான்" என்றாள்.

பொன்ராஜின் பைக்கில் வைத்துக் கொண்டுபோக அவருக்கு மனசு வரவில்லை. திருச்சுழியில் பஸ் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து பொட்டலத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டார். பின்மூலை அதே கனத்தில் தொடையை அழுத்தியது. இரண்டு பக்கமும் கருவேலங்காட்டில் மூட்டத்துப் புகை படுத்துக் கிடந்தது. பக்கத்தில் வந்து உட்கார்ந்தவர் மளிகைக்கடை வெள்ளத்துரை, இவரிடம் வத்தல் எடுக்கிற ஆள். போர்வையை இரண்டுதரம் பார்த்தார். ஓட்டை வழியாக எழுத்துக்கட்டை தெரிந்ததும் மூன்றாம் தரம் பார்த்தார். பிறகு, ஒத்தாசை செய்கிறவர்போல ஒரு முனையைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"நல்ல கனமா இருக்கே பாய். உள்ள என்ன?"

இலியாஸ் போர்வையை இழுத்து மூடினார்.

"எங்க அண்ணன் எனக்குக் கொண்டாந்தது" என்றார்.